கழற்றுவதற்கு முன் காது கொடுங்கள்: லேப்டாப் ஸ்பீக்கர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்பீக்கரைப் பற்றித்தான். சத்தமே வரவில்லை, வந்தாலும் கரகரக்கிறது, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்று விதவிதமாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். பழுது பார்க்கும் மேஜையில் உட்கார்ந்து பிழைப்பவள் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “ஸ்பீக்கர் போயிடுச்சு” என்று என்னிடம் வரும் லேப்டாப்புகள் பலவற்றில் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும், பழுது வேறு எங்கோ இருக்கும். அது எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை நீங்களே வீட்டில், செலவில்லாமல் செய்துவிடலாம். அந்த வேலையை முடிக்காமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு வாரமாக என் லேப்டாப் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஹெட்போன் மாட்டினால் நன்றாகக் கேட்கிறது. கடையில் காட்டினேன். இரண்டு ஸ்பீக்கரும் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஆன்லைனில் வாங்கி நானே மாற்றிவிடலாமா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறும்மா. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நாளில் சேர்ந்து போவது அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் தனிக் காந்தம், தனிச் சுருள், தனி ஒயர். இரண்டும் ஒன்றாக ஊமையாகிவிட்டால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பொதுவான இடங்களில் முதலாவது விண்டோஸ். திரையின் வலது மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று பார். சமீபத்தில் கல்லூரி புரொஜெக்டரிலோ வீட்டு டிவியிலோ எச்டிஎம்ஐ கேபிள் மாட்டியிருந்தால், அதற்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். பையில் கிடக்கும் புளூடூத் இயர்போன் தானாக இணைந்துகொண்டு சத்தத்தை எடுத்துக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது, ஹெட்போன் ஜாக். உன் விஷயத்தில் என் சந்தேகம் இதன் மேல்தான் அதிகம். அந்த 3.5 மில்லிமீட்டர் துளைக்குள் மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கிறது. பின்னைச் செருகும்போது அது நகரும். அது நகர்ந்ததை வைத்துத்தான் “ஹெட்போன் வந்துவிட்டது, ஸ்பீக்கரை நிறுத்து” என்று லேப்டாப் முடிவெடுக்கிறது. பையில் சேரும் பஞ்சும் தூசியும் உள்ளே அடைத்துக்கொண்டால், பின்னை உருவிய பிறகும் நாக்கு பழைய இடத்துக்குத் திரும்பாது. எதுவுமே மாட்டாமல் இருக்கும்போது கருவிப் பட்டியலில் ‘ஹெட்போன்’ என்று காட்டுகிறதா பார். காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். லேப்டாப்பை அணைத்து, டார்ச் அடித்துத் துளைக்குள் பார். பின்னை மெதுவாகச் சுழற்றிச் சுழற்றிப் பத்துப் பதினைந்து முறை செருகி எடு. மசியவில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். அதைத் துளைக்குள் அடிக்காமல் பின்னின் மேல் லேசாக அடித்துச் செருகி எடு. உலர்ந்த பிறகு ஆன் செய். ஊக்கு, ஹேர்பின் எதையும் உள்ளே விடாதே, நாக்கு ஒடிந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டி வரும்.

மூன்றாவதாக ஒரு சோதனை. இதைச் செய்ய வைக்காமல் நான் யாரையும் விடுவதில்லை. 8 ஜி.பி. அல்லது அதற்கு மேல் உள்ள பென் டிரைவ் ஒன்றில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கு. இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ‘டிரை உபுண்டு’ போதும். லேப்டாப்பில் உள்ள உன் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. செட்டிங்ஸில் சவுண்ட் பக்கத்தில் டெஸ்ட் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இடது, வலது என்று தனித்தனியாகக் குரல் வரும். இங்கே கேட்டு விண்டோஸில் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கர் பிழைத்தது, கோளாறு அதை இயக்கும் மென்பொருளான டிரைவரில். டிவைஸ் மேனேஜரில் ஆடியோ டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் புதிதாகப் போட்டுக்கொள்ளும். உபுண்டுவிலும் நிசப்தம் என்றால் மட்டுமே கழற்றிப் பார்க்கும் பேச்சு. அதைக் கீழே வேலூர் வாசகருக்கு எழுதியிருக்கிறேன், படித்துக்கொள்.

கேள்வி: எனக்குக் காது சற்று மந்தம். செய்தியும் பழைய பாட்டுகளும் வி.எல்.சி. பிளேயரில் முழுச் சத்தத்தில் வைத்துத்தான் கேட்பேன். கொஞ்ச காலமாக இடது பக்கம் கரகரவென்கிறது. குறைத்து வைத்தால் தேவலை. ஸ்பீக்கர் கிழிந்திருக்கும், ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடலாம் என்கிறான் பேரன். சரிவருமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, பேரன் யூகித்தது பெரும்பாலும் சரி. ஆனால் அந்தப் பசை வேண்டவே வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், பேரனும் கூட உட்கார்ந்து படிக்கட்டும்.

முதலில் கிழிசல்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சவுண்ட் செட்டிங்ஸில் இடது, வலது அளவைத் தனித்தனியாக மாற்ற வழி இருக்கிறது. வலதைப் பூஜ்ஜியமாக்கி இடதை மட்டும் பாட விடுங்கள். யூடியூபில் கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதி வரை ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும் ஒலிச் சோதனை வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. சத்தத்தைப் பாதியில் வைத்து ஒன்றை ஓட விட்டுக் கவனியுங்கள். ஏதோ ஒரு சுருதியில் மட்டும் ‘ஜிர்ர்’ என்று அதிர்ந்துவிட்டு அடங்கினால், எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது: ஒரு ஸ்க்ரூ, ஒரு ரப்பர், அல்லது மேல்மூடியின் ஓரம். அந்தச் சுருதி வரும்போது உள்ளங்கையால் கீபோர்டு பக்கத்தை அழுத்திப் பாருங்கள், நின்றுவிடும். அப்படியானால் ஸ்பீக்கரில் குறையில்லை, ஸ்க்ரூவை முறுக்கினால் போதும். எல்லாச் சுருதியிலும் கரகரத்து, சத்தம் ஏற ஏறக் கரகரப்பும் ஏறினால், ஸ்பீக்கர்தான். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாம் வகை போலத் தோன்றுகிறது.

லேப்டாப் ஸ்பீக்கர் என்பது ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்த மிகச் சிறிய படலம். அதன் விளிம்பு மெல்லிய ரப்பரால் சட்டத்தோடு ஒட்டப்பட்டிருக்கும். படலத்தின் அடியில் செம்புச் சுருள், அதைச் சுற்றிக் காந்தம். சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். விளிம்பு ஓரிடத்தில் விட்டுவிட்டால் படலம் கோணலாக ஏறி இறங்கும், சுருள் காந்தத்தில் உரசும். நீங்கள் கேட்பது அந்த உரசலைத்தான்.

இப்போது ஃபெவிக்விக்குக்கு வருவோம். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். விளிம்பின் வேலையே வளைந்து கொடுப்பது. வேட்டிக்குக் கஞ்சி மிஞ்சிப்போனதைப் போல அது விறைத்து நின்றுவிட்டால் கீழ் சுருதிகள் போய்விடும். அது மட்டுமல்ல, தண்ணீர் போல ஓடும் பசை அது. ஒரு சொட்டு அந்த மயிரிழை இடைவெளிக்குள் இறங்கிவிட்டால் சுருள் காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதோடு ஸ்பீக்கர் குப்பைக்குத்தான்.

மொபைல் கடைகளில் டிஸ்பிளே ஒட்டப் பயன்படுத்தும் பி-7000 என்ற பசையை வாங்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகும் ரப்பர் போல வளையும். லேப்டாப்பைத் திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் எங்கே விட்டிருக்கிறது என்று தெரியும். டியூபின் மூக்கை நேராக வைக்காமல், ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியில் கொஞ்சமாகப் பசை எடுத்துக் கிழிசலின் மேல் தடவுங்கள். மெல்லிய ஒரு பூச்சு. காயவிட்டு, தேவையானால் இன்னொரு மெல்லிய பூச்சு. முழுதாக இறுக ஒரு நாளாவது வேண்டும், அதற்குள் மாட்டிப் பாட விடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் பேரன் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சிறியதாக இருந்தாலும் இந்தக் காந்தம் மிக வலுவானது. இரும்பு ஸ்க்ரூ டிரைவரை ஸ்பீக்கரின் பக்கம் கொண்டு போனால், கையை மீறி நுனி உள்ளே இழுக்கப்பட்டுப் படலத்தில் துளை போட்டுவிடும். சும்மா விளிம்பு விட்டிருந்த ஸ்பீக்கர்கள் பல இப்படித்தான் சாகின்றன. ஸ்பீக்கர் வெளியே வந்ததும் இரும்புச் சாமான் எல்லாவற்றையும் மேஜையின் மறுகோடிக்குத் தள்ளிவிடுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களையும்தான்.

ஒட்டிய ஸ்பீக்கர் புதுசு போலப் பாடாது, குரல் சற்று மங்கும். பேச்சு கேட்க அது போதும். பாட்டு ரசிகர் நீங்கள், அதனால் மனம் நிறையாமல் போகலாம். அப்போது ஜோடியாக மாற்றிவிடுங்கள்.

மாற்றினாலும் ஒட்டினாலும், வி.எல்.சி.யில் சத்தத்தை 100க்கு மேல் ஏற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், ஐயா. 100 வரைதான் பதிவில் உள்ள ஒலி. அதற்கு மேல் 125 வரை மென்பொருள் பெருக்கித் தருகிறது. பெருக்கும்போது அலைகளின் உச்சி மேலே இடித்துத் தட்டையாக வெட்டுப்படும். தட்டையான அலையில் ஸ்பீக்கருக்குப் போகும் சராசரி மின்சாரம் கூடுகிறது. சுருள் சூடாகிறது, படலம் தன் எல்லை வரை போய் அடிக்கிறது. 2 வாட் அளவுக்குள் இருக்கும் இந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. விண்டோஸில் ‘லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்’ என்று ஒரு வசதி பல லேப்டாப்புகளில் இருக்கிறது. ஸ்பீக்கரின் பிராப்பர்ட்டீஸில் என்ஹான்ஸ்மென்ட்ஸ் பக்கத்தில் தேடச் சொல்லுங்கள். தாழ்ந்த குரலை உயர்த்தி, உரத்த சத்தத்தை அடக்கித் தரும். செய்தி வாசிப்பவர் குரல் தெளிவாகக் கேட்கும். அதுவும் போதாது என்றால் யு.எஸ்.பி.யில் மாட்டும் ஒரு ஜோடி மேஜை ஸ்பீக்கரை வாங்கி உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காதுக்கு அருகில் இருப்பதால் குறைந்த சத்தமே நிறைவாக இருக்கும்.

கேள்வி: உங்கள் சோதனைகளை எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், என் லேப்டாப்பில் வலது ஸ்பீக்கர் நிச்சயமாகப் பேசவில்லை. திறந்து பார்க்கத் துணிந்தேன். அடியில் உள்ள ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றியும் மூடி வர மறுக்கிறது. நெம்பினால் உடைந்துவிடுமோ என்று பயம்.
– தனியார் நிறுவன ஊழியர், வேலூர்

பதில்: பயந்தது நல்லது, நெம்பாதீர்கள். வராத மூடியில் இன்னும் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் கால்களுக்குள், ஸ்டிக்கருக்குக் கீழே, டிவிடி டிரைவ் உள்ள மாடல் என்றால் அதை உருவிய இடத்தில் தேடுங்கள். சில மாடல்களில் ஓரிரு ஸ்க்ரூக்கள் தளர்ந்தாலும் கையோடு வராது, மூடியிலேயே தொங்கும்படி செய்திருப்பார்கள். டெல், எச்.பி., லெனோவோ மூன்றுமே பெரும்பாலான மாடல்களுக்குப் பழுது பார்க்கும் கையேட்டைத் தங்கள் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே என்று படம் போட்டு இருக்கும். அதை இறக்கி வைத்துக்கொண்டு செய்வது யூடியூபில் வேறு ஏதோ மாடலைப் பார்த்துச் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை, கவனித்தீர்களா? நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்பக்கம் முட்டிக்கொண்டு வரும், சில இடங்களில் போர்டையே குத்தும். ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். மூடியைக் கிளப்பப் பழைய ஏ.டி.எம். கார்டு போதும். இடைவெளி அதிகம் தெரியும் மூலையில் நுழைத்து ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால், ‘டக் டக்’ என்று கொக்கிகள் விடுபடும். அந்தச் சத்தத்துக்குப் பதற வேண்டாம்.

மூடி வந்ததும் முதல் வேலை, வேறு எதையும் தொடுவதற்கு முன், பேட்டரியின் இணைப்பை எடுப்பது. பிறகு பவர் பொத்தானைப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தையும் இறக்கிவிடுங்கள். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது ஒரு ஸ்க்ரூ நழுவிப் போர்டில் விழுந்தால், ஸ்பீக்கருக்காகத் திறந்த லேப்டாப் வேறு நோயோடு படுத்துவிடும்.

இப்போது ஸ்பீக்கர் ஒயரைத் தேடுங்கள். பெரும்பாலும் நாலு மெல்லிய ஒயர்கள் சேர்ந்து ஒரு சிறிய வெள்ளை இணைப்பில் முடியும். இரண்டு இடதுக்கு, இரண்டு வலதுக்கு. ஒயர் எந்தப் பள்ளத்தில் எப்படிப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பை நகத்தால் இருபுறமும் மாறி மாறித் தள்ளி எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும்.

மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். ஒரு சின்ன எண் காட்டும், அது மீட்டர் ஒயரின் கணக்கு, பிறகு கழித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒயர் ஜோடியையும் அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் மூன்றரையை ஒட்டிக் காட்டும், 8 ஓம் என்றால் ஏழை ஒட்டி. ஒரு பக்கம் அப்படிக் காட்டி, மறுபக்கம் திரையில் வெறும் 1 அல்லது ‘ஓ.எல்.’ என்று நின்றால், அந்தப் பக்கம் அறுந்துவிட்டது. சுருள் அறுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒயர் பாதி வழியில், குறிப்பாகத் திரையின் கீல் இருக்கும் இடத்தில், நசுங்கி அறுந்திருந்தால் ஸ்பீக்கர் பிழைத்தது. மேல் உறையைச் சுரண்டிப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டிவிடலாம்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு: சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி போதும். போர்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் கணப்பொழுது தொட்டு எடுங்கள். உயிருள்ள ஸ்பீக்கர் ‘டொக்’ என்று சொல்லும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, சுருள் சூடாகிவிடும்.

புதியதைப் பொருத்தும்போது ஒன்றை மறக்காதீர்கள். பழைய ஸ்பீக்கரில் ஸ்க்ரூ மாட்டும் காதுகளில் சிறிய ரப்பர் வளையங்கள் இருக்கும். பல நேரம் புதியதோடு அவை வராது. கழற்றி மாற்றிப் போடுங்கள். அவை இல்லாமல் மாட்டிவிட்டு, புது ஸ்பீக்கரும் கரகரக்கிறது என்று என்னிடம் வருகிறவர்கள் நிறைய.

கேள்வி: பாட்டு வைத்தால் லேப்டாப் முழுக்க ஜிவ்வென்று அதிர்கிறது. மேஜையில் வைத்தால் ஆடுகிறது, டச்பேட் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்பீக்கர் ஸ்க்ரூ தளர்ந்திருக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இது ஸ்பீக்கர் இல்லை, பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த லேப்டாப்பை இன்றே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போட வேண்டாம். நீங்களே திறக்கவும் வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரியில் ஸ்க்ரூ டிரைவர் நுனி பட்டாலே தீப்பிடிக்கலாம். மெத்தை, திரைச்சீலை எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், தரையில் வைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். பேட்டரியை மாற்றியதும் அதிர்வும் போய்விடும்.

கேள்வி: மேடம், போன ஆயுத பூஜைக்கு அச்சகத்தில் உள்ள எல்லாவற்றோடும் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பையன் ஸ்பீக்கர் சல்லடை மேலேயே வைத்துவிட்டான். அதிலிருந்து ஒரு பக்கம் சத்தம் அமுங்கிக் கேட்கிறது.
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: ஒவ்வொரு ஆண்டும் பூஜை முடிந்த கையோடு எனக்கு இப்படிச் சில லேப்டாப்புகள் வரும். பெரும்பாலும் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்.

லேப்டாப்பை அணைத்து, ஸ்பீக்கர் சல்லடை தரையைப் பார்க்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். மேலே பார்த்தபடி வைத்துத் தேய்த்தால் பொடி எல்லாம் உள்ளேதான் விழும். மிருதுவான, உலர்ந்த டூத் பிரஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். பிறகு செல்லோ டேப்பை ஒட்டி உரித்து எடுங்கள், மிச்சக் குங்குமம் ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்த சந்தனத்துக்கு மொபைல் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) திரவத்தைத் துணி நுனியில் தொட்டு, ஈரம் சொட்டாத அளவில் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம், சந்தனம் கரைந்து துளைக்குள் இறங்கும். ஊசியால் குத்தி எடுப்பதும், புளோயரால் நேராக ஊதுவதும், வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. சல்லடைக்குப் பின்னால் உடனேயே படலம் இருக்கிறது.

அச்சகம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இரும்புத் தூள் பறக்கும் இடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைக்காதீர்கள். காந்தம் அதை ஈர்த்துக்கொள்ளும், ஒரு முறை சுருளின் இடைவெளிக்குள் போனால் வெளியே எடுப்பது பெரும்பாடு. அடுத்த பூஜைக்குத் திரையின் பின்பக்க மூடியில் பொட்டு வையுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, மதர்போர்டில் ஆடியோ போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். லேப்டாப் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. என்ன செய்ய?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சத்தத்துக்காக மட்டும் ஆறு வருட லேப்டாப்புக்குப் போர்டு மாற்றாதீர்கள். அந்தக் காசை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம். லேப்டாப்பில் ஸ்பீக்கரை ஓட்டும் சிறு ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் ஆடியோ சிப்புக்குள்ளேயே இருக்கும், சில மாடல்களில் தனி சிப். ஸ்பீக்கர் அளவு மீட்டரில் சரியாக இருந்து, உபுண்டுவிலும் சத்தம் இல்லாமல், ஹெட்போன் மட்டும் பாடினால் ஆம்ப்ளிஃபையர் பகுதி செத்திருக்கக்கூடும். ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன் இணைப்பைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நெல்லையிலிருந்து கடற்கரை ஊர்கள் தூரமில்லை. உப்புக் காற்றில் அந்த வெள்ளை இணைப்பின் பின்களில் பச்சை படிந்துவிடும். ஐ.பி.ஏ. தொட்டுத் துடைத்ததில் உயிர் பெற்ற லேப்டாப்புகள் உண்டு.

நிஜமாகவே சிப் போயிருந்தால் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு என்று கட்டைவிரல் அளவில் ஒன்று கிடைக்கிறது. அதற்குள் தனி ஆடியோ சிப் இருப்பதால் போர்டில் எது செத்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அதில் ஒரு ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு லேப்டாப்பை இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். என் லேப்டாப்புக்கு ஸ்பீக்கர் எடுக்க வேணும். மாடல் பெயரைச் சொன்னால் கடையில் இரண்டு மூன்று விதம் காட்டுகிறார்கள். எது பொருந்தும் என்று எப்படி அறிவது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மாடல் பெயர் போதாது. ஒரே பெயரில் நாலு ஆண்டு வெவ்வேறு உடம்போடு லேப்டாப் விற்பார்கள். பழைய ஸ்பீக்கரைக் கழற்றி அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். லெனோவோ என்றால் எஃப்.ஆர்.யு. எண், டெல் என்றால் டி.பி./என். என்று தொடங்கும் எண் இருக்கும். எச்.பி.யில் கையேட்டைத் திறந்தால் ‘ஸ்பீக்கர் கிட்’ என்ற வரிக்கு நேரே உதிரிப்பாக எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். கொழும்பு யூனிட்டி பிளாசாவில் ஆள் இருந்தால், எண்ணோடு ஸ்பீக்கரின் படத்தையும் அனுப்பி விசாரிக்கச் சொல்லலாம். சென்னை வாசகர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. பழைய லேப்டாப்பைப் பிரித்து விற்கும் கடைகளில் ஒரிஜினல் ஸ்பீக்கர் கிடைக்கும். என்னைக் கேட்டால், பெயர் தெரியாத புதுசைவிட அந்தப் பழசே மேல். வாங்கும்போது ஒயரின் நீளம், இணைப்பில் பின்களின் எண்ணிக்கை, ஸ்க்ரூ காதுகள் இருக்கும் இடம் மூன்றையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம்தான் போனது என்றாலும் ஜோடியாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டு காதிலும் இரண்டு விதக் குரல் கேட்கும்.

கேள்வி: ஜூமில் பேச ஆரம்பித்ததும் மற்ற எல்லாச் சத்தமும் தானாகக் குறைந்துவிடுகிறது. ஸ்பீக்கர் வலுவிழந்துவிட்டதா?
– இல்லத்தரசி, சேலம்

பதில்: இல்லை. அழைப்பு வந்தால் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும்படி விண்டோஸில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பக்கத்துக்குப் போய் ‘டு நத்திங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது.

கேள்வி: தாத்தாவின் பழைய ரேடியோவில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று நன்றாக இருக்கிறது. லேப்டாப் ஸ்பீக்கர் இரண்டும் கிழிந்துவிட்டன. அந்த ஒயரை வெளியே இழுத்து இதில் கொடுத்தால் பாடுமா? வெடித்துவிடுமா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், பொள்ளாச்சி

பதில்: வெடிக்காது தம்பி, பாடும். நன்றாகவே பாடும். லேப்டாப் தருவது 2 வாட்தான் என்றாலும், பெரிய ஸ்பீக்கருக்கு அகலமான படலம் இருப்பதால் அதே மின்சாரத்தில் கூடுதல் சத்தம் தரும், சின்னப் படலத்தால் எட்ட முடியாத கீழ் சுருதிகளும் வரும். இப்படிச் செய்து பார்க்க ஆசைப்படுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாலு விஷயத்தைப் பார்த்துக்கொள்.

முதலில் ரேடியோ ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறது, பார். லேப்டாப்பில் இருந்தது 4 ஓம் என்றால் இதுவும் 4 அல்லது 8 இருக்கலாம். குறையக் கூடாது. குறைந்தால் ஆம்ப்ளிஃபையர் அதிக மின்னோட்டம் கொடுக்க வேண்டி வந்து சூடாகும்.

அடுத்தது, இதுதான் முக்கியம். இடது ஒயர் ஜோடி இடது ஸ்பீக்கருக்கு, வலது ஜோடி வலதுக்கு என்று தனித்தனியாகவே போக வேண்டும். பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர்களில் ஒரு ஒயர் பூமி, இரண்டு பக்கத்துக்கும் பொது என்று இருக்கும். லேப்டாப்பில் அப்படி இல்லை, இரண்டு ஒயரிலும் ஆம்ப்ளிஃபையரின் வேலை நடக்கிறது. இரண்டு பக்கத்தின் கறுப்பு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கினாலோ, ஒன்றை லேப்டாப்பின் உலோக உடம்பில் தொட்டாலோ சிப் போய்விடும். உன்னிடம் இருப்பது ஒரே ஸ்பீக்கர் என்பதால் இடது ஜோடியை மட்டும் அதில் கொடு. வலது ஜோடியின் முனைகளைத் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடு. விண்டோஸ் செட்டிங்ஸில் ‘மோனோ ஆடியோ’வை ஆன் செய்துவிட்டால் இரண்டு பக்கப் பாட்டும் ஒரே ஸ்பீக்கரில் சேர்ந்து வரும்.

மூன்றாவது, இன்னொரு ஸ்பீக்கர் கிடைத்து ஜோடி சேர்க்கும் நாளில் பிளஸ், மைனஸ் பார்த்து மாட்டு. ஒன்று திருப்பி மாட்டப்பட்டால் ஒரு படலம் முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், கீழ் சுருதி எல்லாம் காணாமல் போய்ப் பாட்டு வெற்றாகக் கேட்கும். குறி அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார். படலம் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

நாலாவது, அந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் பெரியது. பழைய ஹார்டு டிஸ்க் போட்ட லேப்டாப் என்றால் அதன் பக்கத்தில் ஸ்பீக்கரை வைக்காதே, ஓரடி தள்ளி வை. ஒயரை வெளியே கொண்டுவர அடிமூடியில் துளை போட வேண்டாம், காற்றுப் போகும் சல்லடை வழியாகவே விடலாம். ஆனால் உள்ளே ஒயர் விசிறியில் மாட்டிக்கொள்ளாதபடி ஒரு டேப் போட்டு ஒட்டிவிட்டு அப்புறம் மூடு.